எழுபதாம் நம்பர் ரப்பர்

நான் எந்த நட்டையும் ஒரு சுற்று கூடவே இறுக்கிப் பழகியவன். வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். படியிறங்கிய பிறகு திரும்ப ஏறிப்போய் நாலாம் தரமும் இழுப்பேன். ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் பிளாட்போமில் குளிருக்குள் நிற்பேன். "உங்கட பயத்துக்கு இந்த வீடு காணாது. இன்னொரு அறை வாடகைக்கு எடுத்து அதுக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ" என்று மனைவி சொல்லுவாள். நான் சிரிப்பேன். பயம் ஆரையும் கெடுக்காது, கவனமில்லாதவன்தான் மற்றவனைக் கெடுக்கிறான் என்று என் பாட்டில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிழை. என்னுடைய பயம் ஒரு மனுசியின் கையைக் கெடுத்தது.

நாங்கள் இருக்கிற ஊர் ஜேர்மனியில் சின்ன ஊர்தான். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் முப்பது, முப்பத்தைந்து இருக்கும். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு தமிழ்ப் பூசை. சுவாமி வேறு நகரத்திலிருந்து ரயிலில் வருவார். கோயில் ஜேர்மன்காரருடையது, பக்கத்து மண்டபமும் அவர்களுடையது. வாடகை கேட்பதில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் சின்னச் சின்ன வேலைகள் செய்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பெண்கள் மண்டபம் கழுவுவார்கள், ஒருவர் கூரைப் பீலியில் விழுந்த இலை அள்ளுவார். எனக்கு வந்தது டிரக்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நீரிறைக்கும் மிசின் திருத்துகிற கடையில் நின்றவன் என்பதால், எஞ்சின் என்று எதைக் கண்டாலும் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அந்த டிரக்டர் வயல் உழுகிற பெரிய சாதி இல்லை. வீட்டுத் தோட்டத்துக்கென்று செய்தது. ஒருவர் ஏறி இருந்து புல்லு வெட்டலாம், பனிக்காலத்தில் முன்னுக்குத் தகடு பூட்டிப் பனி தள்ளலாம். நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்தியே அது கோயிலுக்கு வந்துவிட்டது. சிவப்பு நிறம் வெளிறி இப்போது பழைய செங்கல் மாதிரி இருக்கும். முன்பக்கம் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். அதை விற்றுப்போட்டுப் புதிது வாங்குவோம் என்று கோயில் நிர்வாகம் பல தடவை சொல்லியும், ஓட்டுகிறவர் விடவில்லை.

ஓட்டுகிறவர் ஒரு ஜேர்மன் அம்மா. அறுபது தாண்டியவர், தனி ஆள். கோயில் கதவு திறப்பதும் அவர், மெழுகுதிரி கொளுத்துவதும் அவர், பீடத்துத் துணி தோய்ப்பதும் அவர், ஓர்கன் வாசிப்பதும் அவர். எங்கட ஆக்கள் அவரைக் கோயிலம்மா என்றே சொல்லுவார்கள். ஒருவரும் கேட்காமலே எங்கள் தமிழ்ப் பூசைக்கும் வந்து வாசிப்பார். எங்கள் பாட்டுகளை யாரையோ கொண்டு இசைக்குறிப்பாக எழுதுவித்து வைத்திருந்தார். எங்கட சனம் பாட்டில் ஒரு வரி முந்தி ஓடிவிடும். அவர் பின்னால் ஓடிவந்து பிடிப்பார். பிடித்ததும் ஓர்கனுக்கு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு மார்ச் மாதம் அவர் என்னைக் கூப்பிட்டார். எஞ்சின் துள்ளுகிறது, பெல்ட் கழன்று கழன்று விழுகிறது என்றார். மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். உண்மைதான், எஞ்சின் பேய் பிடித்த மாதிரி ஆடியது. கீழே குனிந்து பார்க்கக் காரணம் தெரிந்தது. அந்த எஞ்சின் நேராக இரும்புச் சட்டத்தில் இருப்பதில்லை. நாலு மூலையிலும் நாலு ரப்பரின் மேல் இருக்கிறது. கட்டைவிரல் உயர உருளை, மேலும் கீழும் இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் போல்ட். எஞ்சினின் நடுக்கத்தைச் சட்டத்துக்கு விடாமல் தாங்குவதுதான் அதன் வேலை. இந்த நாலும் எத்தனையோ வருச எண்ணெயில் ஊறி அல்வாப் பதத்துக்கு வந்திருந்தன. ஒன்று இரண்டாகப் பிய்ந்திருந்தது.

கழற்றின ரப்பர்களைப் பையில் போட்டுக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெடியன் அளவுகோலால் அளந்துவிட்டு, இதே அளவில் மூன்று சாதி இருக்கிறது என்றான். நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து, எழுபது. நம்பர் கூடக் கூட ரப்பர் கெட்டி. பழையதில் நம்பர் அழிந்திருந்தது.

"எஞ்சின் எவ்வளவு பாரம்? என்ன வேகத்தில் ஓடும்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையில் பெரிய சங்கிலியோடு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என் மண்டைக்குள் ஓடினது ஒரே ஒரு படம்தான்: திரும்பவும் ரப்பர் பிய்ந்து, எஞ்சின் சரிந்து, பெல்ட் அறுந்து, அந்த அம்மாவின் காலுக்குள் எதுவோ போய்... கெட்டியானது பிய்யாது. பிய்யாதது ஆபத்தில்லை.

"எழுபது" என்றேன்.

"அது நல்லாப் பிடிக்கும்" என்று சொல்லி எடுத்துத் தந்தான். எனக்கு வேண்டியதும் அதுதானே.

ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று பூட்டினேன். ஒரு சுற்றுக் கூடவே இறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணினோம். எஞ்சின் அசையவில்லை, பாறை மாதிரி இருந்தது. கோயிலம்மா கை தட்டினார். நான் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பல்லோடு பல் அடித்தது. பெற்றோல் மூடி கிலுகிலுத்தது. புது ரப்பர், கொஞ்சம் பழகவேணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயில் பிந்துமோ, பூட்டுத் திறந்து கிடக்குமோ என்று எல்லாத்துக்கும் பயப்படுகிறவனுக்கு அதில் மட்டும் பயம் வரவில்லை.

அவர் எனக்கு ஒரு கேக் செய்து தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிட்டோம்.

மே மாதம் பூசைக்கு முந்தி அவருக்குக் கை கொடுத்தபோது, தன் கையை உதறிவிட்டுச் சிரித்தார். "விரலில் எறும்பு ஊர்கிறது" என்றார். வயது என்றார். நானும் ஓம் வயதுதான் என்பது போலத் தலையாட்டினேன்.

ஜூன் பூசையில் ஓர்கன் தடுமாறியது. முதல் பாட்டில் ஒரு இடம், காணிக்கைப் பாட்டில் இரண்டு இடம். இந்த முறை சனம் முந்தி ஓடவில்லை, அவர்தான் நின்று நின்று வந்தார். எனக்குப் பின்னால் வாங்கில் இருந்த அக்கா ஒருவர் பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார்: "மனுசிக்கு எங்கட பாட்டு மறந்துபோச்சு போல. இல்லாட்டி எங்களைத் துரத்தப் பாக்குதோ?" சிரித்தார்கள். பூசை முடிய, கோயிலம்மா தன் வலக்கையை இடக்கையால் பிசைந்துகொண்டு படியிறங்கி வந்தார். டொக்டரிடம் போனாராம். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபட்டுவிட்டதாம். ஜூலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து டெர்மின் கிடைத்திருக்கிறதாம், முதலில் வலக்கை.

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. நான் வேலை செய்வது அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில். அங்கே அட்டை வெட்டுகிற மிசினின் கால் ரப்பர்களை எங்கள் மெக்கானிக் மாற்றிக்கொண்டிருந்தார். ஜேர்மன்காரர், வாய் ஓயாதவர். நான் பாணைக் கடித்தபடி பக்கத்தில் நின்று, அவர் பூட்டின ரப்பரை விரலால் அமத்திப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது.

"இவ்வளவு மெத்தையாகவா போடுவது? கெட்டியாகப் போட்டால் கனகாலம் இருக்குமே?"

"இருக்கும். ரப்பர் கனகாலம் இருக்கும், மிச்சமெல்லாம் உடையும்" என்று சிரித்தார். "கெட்டி ரப்பர் நடுக்கத்தை விழுங்காது. அப்படியே அடுத்த பக்கம் தள்ளிவிடும். மெத்தையானது எஞ்சினைத் தனியாக ஆடவிடும், மற்றதெல்லாம் சும்மா இருக்கும். நீ கெட்டியாகப் போட்டால் எஞ்சினும் சட்டமும் ஒரே துண்டு. எஞ்சினுக்கு மேலேயே ஏறி இருக்கிற மாதிரித்தான்."

கடித்த பாணைத் திரும்பத் தாளில் சுற்றினேன்.

அந்தச் சனிக்கிழமை, எண்ணெய் பார்க்க வேணும் என்று சொல்லி டிரக்டரை எடுத்து, புல்லு வெட்டுகிற வேகத்தில் பத்து நிமிசம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கிய பிறகு என் இரண்டு கைக்குள்ளும் தேனீக் கூடு இருந்தது. எனக்குப் பத்து நிமிசம். அவர் கோயில் முற்றம், மண்டபத்துத் தோட்டம், கல்லறைகள் இருக்கிற சேமக்காலை என்று கிழமையில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏப்ரலிலிருந்து.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிசம், அந்த முற்றத்தில். அவர் பத்தடி தள்ளி நின்று ரோசாச் செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். "எண்ணெய் சரியா?" என்று கேட்டார். "சரி" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மண்டபத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. பொலிஸ், வழக்கு என்று போகுமோ, என் விசாவுக்கு ஏதும் ஆகுமோ என்ற பயம் இன்னொன்று. நான் ஜேர்மன் பாஸ்போட் எடுத்து எத்தனையோ வருசம், ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. எல்லாத்துக்கும் கீழே, படிக்காதவனிடம் வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று அந்த அம்மா நினைப்பாரே என்ற வெட்கம். அதுதான் பெரிசு.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சபையின் தலைவரிடம் போனேன். எனக்கு மூத்தவர், கடை வைத்திருக்கிறார். கருவாட்டுப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"மண்டப விசயமெண்டா இப்ப சொல்லு. வேற விசயமெண்டா மாதா திருநாள் முடிய."

"ரெண்டும்தான்" என்று சொல்லி எல்லாத்தையும் சொன்னேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கென்ன டொக்டர் பட்டமோ? ரப்பரால கை விறைக்குது எண்டு ஆர் சொன்னது? எனக்குந்தான் விறைக்குது. நான் டிரக்டரோ ஓடுறன்?"

"அண்ணை, நான் பிடிச்சுப் பாத்தனான்."

"நீ காத்தடிச்சாலே காய்ச்சல் எண்டு படுக்கிற ஆள். தம்பி, இஞ்ச பார். ஓகஸ்டில திருநாள். சனம் பஸ் பிடிச்சு வருது. இப்ப போய், நாங்கள்தான் உங்கட கையைப் பழுதாக்கினது எண்டு சொன்னால் அவங்கள் மண்டபத்தைத் தருவாங்களோ? முடியட்டும். பிறகு நீ போய் முழங்காலில நிண்டு சொல்லு."

"ரப்பரையாவது மாத்தட்டோ?"

"ஏன் மாத்துறாய் எண்டு அவா கேட்டால்?"

நான் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

பிறகு நான் செய்ததை எழுதத்தான் கை கூசுகிறது. அடுத்த தமிழ்ப் பூசையன்று, சத்திரசிகிச்சைக்கு நாலு நாள் இருக்கையில், சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோயில் மூலையில் கதிரை போட்டு இருந்தார்.

"சுவாமி, ஒராளுக்குத் தீங்கு செய்துபோட்டன்."

"வேணுமெண்டோ?"

"இல்லை. தெரியாமல். தெரிஞ்ச பிறகு சொல்லாமல் இருக்கிறன்."

டிரக்டர், ரப்பர் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். செய்ததைச் சரிப்படுத்துங்கோ என்று சொன்னார். ஒரு முழுச் செபமாலை சொல்லச் சொல்லி மன்னிப்புத் தந்தார். சரிப்படுத்துங்கோ என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அதுவும் செபத்தின் ஒரு வரி மாதிரித்தான் விழுந்தது. நான் முழங்காலில் நின்று ஐம்பத்து மூன்று மணியும் ஒழுங்காகச் சொன்னேன். பயத்தில் இன்னொரு செபமாலையும் கூடச் சொன்னேன். எழும்பும்போது நெஞ்சு லேசாக இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பாவம் கழன்றுவிட்டது. ரப்பர் கழலவில்லை. அது நாலு மூலையிலும் அப்படியே இருந்தது. அந்த அம்மா வியாழக்கிழமை காலையில் போய்க் கத்திக்குக் கையைக் கொடுத்தார்.

கட்டோடு வந்தவரிடம் போய், "புல்லை நான் வெட்டுகிறேன்" என்றேன். எனக்கு அப்போது அது பெரிய காரியமாகப் பட்டது.

"வேண்டாம். புல் என்னுடைய வேலை" என்றார். "வண்டியை நீங்கள் அவ்வளவு நன்றாகத் திருத்தித் தந்திருக்கிறீர்கள். ஒரு கையாலேயே ஓட்டலாம்."

இரண்டு கிழமை கழித்து அவர் இடக்கையால் ஓட்டத் தொடங்கினார். வலக்கை மடியில், வெள்ளைக் கட்டோடு. வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பஸ் திரும்பும்வரைக்கும் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் மற்றப் பக்கம் இருந்தேன்.

மாதா திருநாள் வந்தது. சனம் நிறைந்துவிட்டது. ஓர்கன் மூடிக் கிடந்தது. வேறு ஊரிலிருந்து வந்த பெடியள் கீபோட் வாசித்தார்கள். பூசைக்கு முந்திப் பாவசங்கீர்த்தன வரிசை நீளமாக இருந்தது. நானும் போய் நின்றேன். போன முறை நெஞ்சை லேசாக்கினது இந்த முறையும் லேசாக்கும் என்றுதான்.

"சுவாமி, போன முறை சொன்ன அதே பாவம்தான். அந்த அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிஞ்சுது. நான் இன்னும் சொல்லேல்லை."

சுவாமி கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார். பிறகு கேட்டார்: "அந்த ரப்பர் இன்னும் அங்கதானோ இருக்கு?"

"ஓம் சுவாமி."

"அவா இப்பவும் அதிலதானோ ஓடுறா?"

"ஓம். இடக்கையால."

அவர் என் பக்கம் திரும்பினார். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிமார் முகம் பார்ப்பதில்லை. இவர் பார்த்தார். "தம்பி, நானோ அந்த மிசினில புல்லு வெட்டுறன்? என்னட்டை வந்து ரெண்டு தரம் சொல்லுறியள். ஓடுற ஆளிட்டை ஒரு தரம் சொல்லேல்லை. இஞ்ச மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய் அங்க தொடர்ந்து கையை ஆட்டுறதோ? போங்கோ. முதல்ல ரப்பரைக் கழட்டுங்கோ. அவாவிட்டைச் சொல்லுங்கோ. பிறகு வாங்கோ, நான் இருக்கிறன்."

மன்னிப்புத் தராமல் அனுப்பிவிட்டார். எனக்கு அப்படி ஒருபோதும் நடந்ததில்லை. அன்றைக்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்க நான் எழும்பவில்லை. எங்கட சனத்துக்குள் நன்மைக்கு எழும்பாமல் இருப்பது, எல்லாரும் இருக்கிற இடத்தில் தனியாக எழும்பி நிற்பது மாதிரி. வரிசையில் போன ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருந்தபோது மனைவி பிடித்துவிட்டாள். "இஞ்சருங்கோ, ஏன் நன்மைக்குப் போகேல்லை? என்ன செய்தனீங்கள்? ஆரோடையும் தொடர்போ?"

அப்படிக் கேட்டபிறகு உண்மையைச் சொல்வது லேசாக இருந்தது. சோற்றைக் குழைத்தபடியே சொன்னேன். சொல்லி முடிய அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஜூனில இருந்தோ?"

"ஓம்."

"அங்க பாருங்கோ."

முன் மேசையில் கோயிலம்மாவை இருத்தியிருந்தார்கள். மரியாதைக்கு. ஒரு கரண்டியை இடக்கையில் பிடித்து எங்கட சோற்றை அள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு வாய்க்குப் போகுமுன் கரண்டி நடுங்கிப் பாதி கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் விழுந்த சோற்றைக் கட்டுப்போட்ட கையால் மேசை ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு திரும்ப அள்ளினார்.

"கதவை மூண்டு தரம் இழுத்துப் பாக்கிற மனுசன்" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை லீவு போட்டேன். உதிரிப்பாகக் கடைக்குப் போய், எஞ்சின் பாரம் தெரியாது, வேகம் தெரியாது, முந்தி எழுபது போட்டேன், பிழைத்துவிட்டது என்று சொன்னேன். பின்னால் வரிசை நின்றதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அதே பெடியன்தான். ஏதோ புத்தகம் புரட்டிப் பார்த்து நாற்பத்தைந்து தந்தான். நாலு நிமிச வேலை. மார்ச்சில் அந்த நாலு நிமிசத்தைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

கோயில் கொட்டிலில் பெல்ட்டைக் கழற்றி, எஞ்சினுக்குக் கீழே கார் ஜக்கையும் ஒரு பலகைத் துண்டையும் வைத்துத் தூக்கினேன். நான் இறுக்கின நட்டுகள் இலேசில் அசையவில்லை. ஒன்றைக் கழற்ற என் முழுப் பாரத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த ரப்பர்கள் நாலும் புதிதாகவே இருந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. இன்னும் இருபது வருசம் இருந்திருக்கும்.

புதியதைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் தன்பாட்டில் கொஞ்சம் ஆடியது. ஸ்டீயரிங்கைத் தொட்டேன். நடுக்கமே இல்லை. சத்தம் கேட்டுக் கோயிலம்மா வந்தார்.

"ஏதும் உடைந்துவிட்டதா?"

எஞ்சினை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த ஜேர்மனில், மெக்கானிக் சொன்னதை, கடையில் நான் கேட்காததை, எல்லாத்தையும் சொன்னேன். சொற்கள் தட்டுப்பட்ட இடத்தில் பழைய ரப்பரையும் புதிய ரப்பரையும் கையில் பிடித்துக் காட்டினேன். முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்போது தெரியும்?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதில்லை. ஏன் செய்தாய் என்று கேட்பார், படிக்காதவன் என்பார், மண்டபம் என்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஜூன்" என்றேன்.

"ஜூன் தொடக்கமா? முடிவா?"

"நடுவில்."

"எனக்கு வெட்டினது ஜூலையில்."

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

அவர் கொட்டில் வாசலில் இருந்த தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் இருந்தார். முகம் சிவந்திருந்தது. அழவில்லை. "நான் உங்களுக்குக் கேக் செய்து தந்தேன்" என்றார். அது கோபமா என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு, "இடக்கைக்கும் டெர்மின் தந்திருக்கிறார்கள். செப்டெம்பர் கடைசி. நான் என்ன செய்ய?" என்றார்.

"எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பு."

"பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை" என்றார் சத்தமாக. முதல் தடவையாக அவர் சத்தம் போட்டார். "இது இனி நடுங்குமா, நடுங்காதா?"

"நடுங்காது."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

டொக்டருக்குப் போன் பண்ணினார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்று டொக்டர் சொன்னாராம். நோய்க்குக் காரணம் அந்த வண்டியாகவும் இருக்கலாம், ஓர்கனாகவும் இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம், இப்படித்தான் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது என்றும் சொன்னாராம். அதை அவர் எனக்கு வந்து சொன்னார், சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒருவராலும் சொல்ல ஏலாது. வேலையில் அட்டை அடுக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். செப்டெம்பர் டெர்மினை அவர் தள்ளிப்போட்டார்.

கோயில் நிர்வாகத்திடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்டபம் போகவில்லை. "பாத்தியோ, ஒண்டும் நடக்கேல்லை" என்றார் தலைவர் அண்ணை. சுவாமியிடம் போனேன். மன்னிப்புத் தந்தார். இந்த முறை நெஞ்சு லேசாகவில்லை.

புல்லு வெட்டுவதைக் கோயிலம்மா எனக்கு விடவேயில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வந்து ரப்பரைப் பார்க்க வேண்டும் என்றார். கேக் இல்லை, தேத்தண்ணி இல்லை. கொட்டிலைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பார். நான் நாலையும் அமத்திப் பார்த்து "சரி" என்பேன். பூட்டுவார்.

நவம்பர் தமிழ்ப் பூசையன்று ஓர்கன் திறந்திருந்தது. சனத்துக்கு நல்ல சந்தோசம். மாதா சுகப்படுத்திப்போட்டா என்று பின் வாங்கு அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கேட்டேன். கீழ்ச்சத்தம், இடக்கை வாசிக்கிறது, பழையபடி திடமாக, ஒரு இடமும் பிசகாமல் போனது. பாட்டை எடுத்துச் செல்கிற மேல்சத்தம், வலக்கையுடையது, ஒற்றை விரலால் தட்டுகிற மாதிரி வந்தது. இடையில் இரண்டு சுரத்தை விட்டுவிட்டு அடுத்ததில் போய் நின்றது.

பூசை முடிய, படியிறங்கி நேரே என்னிடம் வந்தார். இடக்கையை நீட்டி, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு தொட்டுக் காட்டினார். வேகமாக, திரும்பவும் ஒருதரம். எறும்பு போய்விட்டது, டெர்மினே தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றார்.

சுற்றி நின்றவர்கள் சந்தோசப்பட்டார்கள். மனைவி அவரைக் கட்டிப்பிடித்தாள். நானும் சந்தோசம் என்றேன். உண்மையாகவே சந்தோசம்தான். ஆனால் வெட்டாமல் விட்ட கை சுகமாகிவிட்டது. ஒருவராலும் சொல்ல ஏலாது என்ற அந்த வார்த்தை அந்த இடத்திலேயே என் கையை விட்டுப் போனது. ஜூன் நடுவில் நான் வாய் திறந்திருந்தால், மற்றக் கையும் கத்தி படாமலே...

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அதே கணக்கைத்தான் போட்டு முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வலக்கையை அங்கியின் பைக்குள் வைத்திருந்தார். அதை வெளியே எடுக்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை வருகிறீர்களா?" என்று கேட்டார்.

"வருகிறேன்" என்றேன்.